பல எஞ்சின் விமானங்களில் புரொப்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றும்?

லவ்டேல்_72
மேசையில் மூன்று பிளாஸ்டிக் மாடல் கிட் பெட்டி, மூன்றும் இரட்டை எஞ்சின் விமானம்: டகோட்டா, பியூஃபைட்டர், பி-38 (P-38 லைட்னிங்). மூன்றும் 1/72 அளவு. டகோட்டாவுக்கு இரண்டு புரொப்பும் ஒரே மாதிரி. பி-38க்கு இரண்டும் வேறு வேறு. பியூஃபைட்டருக்கும் இரண்டும் ஒரே மாதிரிதான், ஆனால் டகோட்டா புரொப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிளேடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கிட்காரர்கள் செய்த தவறா, இல்லை நிஜத்திலேயே அப்படித்தானா? யூடியூபில் ஒரே வீடியோவில் முதலில் இப்படிச் சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் அப்படிச் சுற்றுகிறது.

கேத்தி_ரிவெட்
கிட் சரிதான். முதலில் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். சுற்றுத் திசையைச் சொல்வது வழக்கமாக வாலிலிருந்து மூக்கைப் பார்த்து, அதாவது பைலட் உட்கார்ந்திருக்கும் பார்வையில். நாமோ அலமாரியில் மூக்கை நம் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கிறோம். பைலட்டுக்கு வலஞ்சுழி (கடிகார முள் போகும் பக்கம்) நமக்கு இடஞ்சுழி. இந்த இழையில் நான் வலஞ்சுழி என்றால் பின்னாலிருந்து வலஞ்சுழி. எல்லோரும் அப்படியே எழுதுங்கள், இல்லாவிட்டால் பத்துப் பதிவுக்குள் சண்டை வந்துவிடும்.

நினைவில் வைக்க திருப்புளி போதும். சாதாரண ஸ்க்ரூவைத் திருப்புளியால் வலஞ்சுழியாகத் திருகினால் நம்மை விட்டு முன்னே போகும். வலஞ்சுழி புரொப்பும் அப்படித்தான், பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திரும்பி விமானத்தை முன்னே இழுக்கிறது.

டகோட்டாவின் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 வலஞ்சுழி. பியூஃபைட்டரின் பிரிஸ்டல் ஹெர்குலிஸ் இடஞ்சுழி. டகோட்டா புரொப் வலப்பக்கம் சுற்றும், பியூஃபைட்டர் புரொப் இடப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான். வீடியோவை விட்டுவிடுங்கள். கேமராவின் ஃபிரேம் வேகமும் புரொப் வேகமும் சேர்ந்து காட்டும் மாயம் அது. சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னால் உருள்வது மாதிரி. ஃபோன் கேமராவாக இருந்தால் பிளேடு வாழைப்பழம் போல வளைந்தும் தெரியும். நின்றுகொண்டிருக்கும் விமானத்தின் படம்தான் சாட்சி.

லவ்டேல்_72
நன்றி அண்ணா. நிற்கும் படத்தில் எதைப் பார்ப்பது? ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) இருக்கும்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா?

கேத்தி_ரிவெட்
உண்டு. புரொப்பை விரலில் பிடித்து, முன்பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்து, ஒரு பிளேடை 12 மணி நிலையில் நிறுத்துங்கள். பிளேடின் இரண்டு விளிம்பில் எது உங்களை நோக்கி முன்னே வந்திருக்கிறது?

இடப்பக்க விளிம்பு முன்னே இருந்தால் வலஞ்சுழி புரொப். வலப்பக்க விளிம்பு முன்னே இருந்தால் இடஞ்சுழி.

முன்னே வந்திருப்பதுதான் காற்றை வெட்டிக்கொண்டு போகும் முன்விளிம்பு. அது கொஞ்சம் தடித்து உருண்டிருக்கும். பின்விளிம்பு மெல்லியது. பிளேடின் புடைத்த பக்கம் விமானத்தின் முன்னே பார்க்கும், தட்டையான பக்கம் பின்னே, பைலட்டை. மலிவான 1/144 கிட்களில் பிளேடு இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கும், அங்கே சாய்வை மட்டும் நம்புங்கள்.

அடியில், ஹப்புக்கு (பிளேடுகள் சேரும் நடுப்பாகம்) பக்கத்தில், சாய்வு அதிகம். நுனிக்குப் போகப் போகக் குறையும். அதனால் சாய்வு தெரியாவிட்டால் நடுப்பிளேடைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள்.

குந்தா_பனி
இதற்கு இவ்வளவு பாடமா? பியூஃபைட்டர் புரொப் ஒன்று உடைந்தால் டகோட்டா புரொப்பை முன்பின்னாகத் திருப்பி ஒட்டினால் வேலை முடிந்தது. சாய்வு தானாக மாறிவிடும்.

வெலிங்டன்_ஸ்ப்ரூ
மாறாது சார். எல்லோரும் ஒரு முறையாவது இந்த இடத்தில் வழுக்குவார்கள். ஒரு நட்டை எடுத்து போல்ட்டில் ஏற்றுங்கள். கழற்றி, நட்டை மறுபக்கம் திருப்பி அதே போல்ட்டில் ஏற்றுங்கள். ஏறும். மரையின் கை, அதாவது அது எந்தப் பக்கம் திருகுகிறது என்பது, நட்டைத் திருப்பிப் போடுவதால் மாறுவதில்லை. புரொப்பும் ஒரு மரைதான்.

டகோட்டா புரொப்பை முன்பின் மாற்றினால் வலஞ்சுழி வலஞ்சுழியாகவே இருக்கும். கூடுதலாக ஒரு தவறும் சேரும்: புடைத்த பக்கம் பின்னே போய்விடும், தடித்த விளிம்பு பின்விளிம்பாகிவிடும். ஒரு தவறைத் திருத்தப் போய் இரண்டாக்கிக்கொள்வோம்.

குந்தா_பனி
நட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஏறுகிறது. ஒப்புக்கொள்கிறேன்.

அரவங்காடு_48
நாட்டுவாரியாகச் சொன்னால் தம்பிக்கு உதவும். அமெரிக்க எஞ்சின்கள், பிராட் அண்ட் விட்னி, ரைட், ஆலிசன் எல்லாம் இயல்பாக வலஞ்சுழி. ஜெர்மன் டிபி 601, 605, ஜூமோ 211, பிஎம்டபிள்யூ 801 வலஞ்சுழி. அதனால் B-17, B-24, B-25, ஹைங்கல் 111, யூ 88, எம்ஈ 110 எல்லாவற்றிலும் எல்லாப் புரொப்பும் ஒரே பக்கம்.

பிரிட்டனில்தான் தலைவலி. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் வலஞ்சுழி, அதே கம்பெனியின் கிரிஃபன் இடஞ்சுழி. பிரிஸ்டல் ரேடியல்கள், மெர்குரி, பெகாசஸ், ஹெர்குலிஸ், சென்டாரஸ், எல்லாம் இடஞ்சுழி. நேப்பியர் சேபரும் இடஞ்சுழி.

இதனால் ஒரே விமானத்தில் மார்க் (வகை எண்) மாறினால் திசை மாறும். லங்காஸ்டர் I, III மெர்லின், வலஞ்சுழி. லங்காஸ்டர் II ஹெர்குலிஸ், இடஞ்சுழி. ஹாலிஃபாக்ஸ் II வலஞ்சுழி, III இடஞ்சுழி. பியூஃபைட்டரிலேயே II மெர்லின், வலஞ்சுழி. வெலிங்டன் இன்னும் மோசம்: IC பெகாசஸ், இடம், II மெர்லின், வலம், III ஹெர்குலிஸ், இடம், IV ட்வின் வாஸ்ப், வலம். மாற்று எஞ்சின் செட் வாங்கி மார்க் மாற்றிக் கட்டுபவர்கள் எஞ்சின் மூடியைக் கவனமாக மாற்றிவிட்டு, பழைய பெட்டியின் புரொப்பையே சொருகிவிடுவார்கள். போட்டி மேசையில் நடுவர் டார்ச்சோடு முதலில் குனிவது அங்கேதான்.

லவ்டேல்_72
மொஸ்கிட்டோ? இரண்டு எஞ்சினும் எதிரெதிர் என்று எங்கோ படித்தேன்.

அரவங்காடு_48
இல்லை. மொஸ்கிட்டோவில் இரண்டு மெர்லினும் வலஞ்சுழி. எதிரெதிர் சுற்றுவது அதன் தம்பி ஹார்னெட். அதில் மெர்லின் 130, 131 என்று கைக்கு ஒன்று. ஒன்றின் கியர் பெட்டியில் ஒரு பல்சக்கரம் கூடுதல். இரண்டு விமானமும் ஒரே கம்பெனி, ஒரே சாயல் என்பதால் இந்தக் குழப்பம் தீராமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுப் பொத்தே 63 வரிசையிலும் கைக்கு ஒன்றுதான்.

கேத்தி_ரிவெட்
இனி பி-38. உற்பத்தி விமானங்களில் இடது எஞ்சின் இடஞ்சுழி, வலது எஞ்சின் வலஞ்சுழி. மேலே இருக்கும் பிளேடு காக்பிட்டை விட்டு வெளியே நகரும். முதல் மாதிரியான எக்ஸ்பி-38ல் இது நேர்மாறு, உள்நோக்கிச் சுற்றியது. ஒய்பி-38லிருந்து மாற்றினார்கள். பிரிட்டன் கேட்டு வாங்கிய லைட்னிங் I மட்டும் தனி: டர்போ கிடையாது, இரண்டு எஞ்சினும் வலஞ்சுழி. பிரிட்டிஷ் வண்ணத்தில் கட்டுகிறவர் அந்தப் பெட்டியின் இடஞ்சுழிப் புரொப்பை உபரி டப்பாவில் போட்டுவிட்டு வேறொரு கிட்டிலிருந்து வலஞ்சுழி ஒன்று தேட வேண்டும். டர்போவும் எடுக்க வேண்டும், அது பெரிய வேலை.

ஆலிசனைத் திருப்பிய விதம் அழகானது. கிராங்க் ஷாஃப்டை முன்பின் மாற்றிப் போட்டு, மற்ற பாகங்களுக்குப் போகும் கியர் வரிசையில் ஓர் இடைச்சக்கரம் சேர்த்து, ஸ்டார்ட்டரையும் இக்னிஷன் வயரிங்கையும் மாற்றினால் எஞ்சின் எதிர்ப்பக்கம் ஓடும். எஞ்சினுக்குள் திருப்பிப் போட்டால் சரியாகும், புரொப்பைத் திருப்பிப் போட்டால் ஆகாது. குந்தா சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குந்தா_பனி
கோபமில்லை. ஆனால் எதற்கு இந்தப் பாடு? எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் உதிரி பாகம் ஒன்று போதுமே.

வெலிங்டன்_ஸ்ப்ரூ
அதனால்தான் பெரும்பாலான விமானங்களில் ஒரே பக்கம். இரண்டு வகை எஞ்சின், இரண்டு வகை புரொப் என்று கிடங்கில் அடுக்குவது போர்க்காலத்தில் பெரிய சுமை.

எதிரெதிர் வைப்பதற்குக் காரணம் இது. மூக்கைத் தூக்கி மெதுவாகப் பறக்கும்போது, கீழிறங்கும் பிளேடு மேலேறும் பிளேடை விட அதிகம் இழுக்கும். வலஞ்சுழியில் கீழிறங்குவது வலப்பக்கம். இரண்டும் வலஞ்சுழியானால் இடது எஞ்சினின் இழுவை உடலை நோக்கி நகரும், வலது எஞ்சினின் இழுவை உடலை விட்டு விலகும். இடது எஞ்சின் நின்றுபோனால், தூரத்தில் இழுக்கும் வலது எஞ்சின் மூக்கை இடப்பக்கம் பலமாகத் திருப்பும். அதனால் இடது எஞ்சினே ஆபத்தான எஞ்சின். சின்னப் பயிற்சி விமானங்களில், பைப்பர் செனெகா போல, இடது வலஞ்சுழி, வலது இடஞ்சுழி. இரண்டிலும் கீழிறங்கும் பிளேடு உடல் பக்கம், எது நின்றாலும் ஒரே அளவு தொந்தரவு. பி-38 இதற்கு நேர் எதிர், எது நின்றாலும் ஒரே அளவு மோசம்.

இரட்டை உடல் கொண்ட எஃப்-82 ட்வின் மஸ்டாங்கில் முதலில் பிளேடுகள் நடு இறக்கைப் பக்கம் மேலேறும்படி வைத்தார்கள். முதல் முயற்சியில் விமானம் தரையை விட்டே கிளம்பவில்லை. நடு இறக்கையின் தூக்கு விசையை அந்தச் சுழற்சி தின்றுவிட்டது. எஞ்சின்களை இடம் மாற்றி, நடுவில் கீழிறங்கும்படி செய்த பிறகே பறந்தது. ஆக, உற்பத்தி எஃப்-82ல் இடது வலஞ்சுழி, வலது இடஞ்சுழி.

ஏர்பஸ் ஏ400எம் கட்டுகிறவர்கள் இன்னும் ஒரு படி கவனிக்க வேண்டும். ஒரே இறக்கையிலேயே இரண்டும் எதிரெதிர், இரண்டு எஞ்சினுக்கும் நடுவில் பிளேடுகள் கீழிறங்கும். இடமிருந்து எண்ணினால் 1 வலம், 2 இடம், 3 வலம், 4 இடம். சி-130ஜேயில் நான்கும் வலம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

லவ்டேல்_72
நம் விமானப்படை வண்ணத்தில் கட்ட நினைப்பவர்களுக்கு? அடுத்து சூலூர் தளத்தின் ஏஎன்-32 சரக்கு விமானம் யோசனை இருக்கிறது.

அரவங்காடு_48
டகோட்டா சொல்லியாயிற்று, விபி 905 எண் விமானம் உட்பட வலம். லிபரேட்டர், கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றை எச்.ஏ.எல். சீர்செய்து 1968 வரை நம்மவர்கள் ஓட்டியது, நான்கும் வலம். ஏஎன்-32 இரண்டும் இடஞ்சுழி. அதன் ஏஐ-20க்கும் ஏஎன்-26ன் ஏஐ-24க்கும் இடஞ்சுழிப் புரொப்தான், எனவே ஏஎன்-26 கிட்டிலிருந்து மாற்றினால் திசைச் சிக்கல் வராது. அளவுச் சிக்கல் வரும்: 26ன் புரொப் விட்டம் 3.9 மீட்டர், 32ன் புரொப் 4.7 மீட்டர். 1/72ல் 54 மி.மீ., 65 மி.மீ. பிளேடு நீட்டாமல் விட்டால் அந்த உயர்ந்த எஞ்சின் கூடு பரிதாபமாகத் தெரியும்.

கடற்படையின் டியு-142, அரக்கோணம் ராஜாளி தளத்தில் 2017 வரை இருந்தது, வேறு வகை. ஒரே தண்டில் முன்னும் பின்னும் இரண்டு புரொப், எதிரெதிராக. ஸ்ப்ரூவில் நான்கு ஒரு கை, நான்கு மறு கை. எது முன், எது பின் என்பதைப் படம் பார்த்து ஒரு முறை முடிவு செய்து, நான்கு எஞ்சினிலும் அதே வரிசையில் போடுங்கள்.

கேத்தி_ரிவெட்
படம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த நம் நீலகிரி மாவட்டத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும்: நெகட்டிவ்வைப் புரட்டிப் போட்டு அச்சிட்டால் இடம் வலமாகிவிடும், புரொப்பின் கையும் மாறிவிடும். பழைய பத்திரிகைப் படங்களில் இது சாதாரணம். எண், எழுத்து தெரிந்தால் உடனே பிடிபடும். தெரியாவிட்டால் கதவைப் பாருங்கள். டகோட்டாவின் பெரிய சரக்குக் கதவு இடப்பக்கம் பின்னால். அது வலப்பக்கம் தெரிந்தால் படம் புரட்டப்பட்டது. ஆள் நின்றால் சட்டைப் பை எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

லவ்டேல்_72
ஒரு வேளை தவறான கைப் புரொப்தான் கையில் இருக்கிறது, வேறு கிடைக்காது என்றால் திருத்த முடியுமா?

வெலிங்டன்_ஸ்ப்ரூ
1/144ல் முடியும், 1/72ல் ஓரளவு, 1/48ல் வேண்டாம்.

ஹப்பிலிருந்து பிளேடுகளை மெல்லிய ரேஸர் ரம்பத்தால் அறுக்கவும். அறுக்குமுன் எந்தப் பிளேடு எது என்று நுனியில் குறித்துக்கொள்ளவும். ஹப்பிலும் பிளேடு அடியிலும் 0.5 மி.மீ. துளை, அதில் 0.5 பித்தளைக் கம்பி. தடித்த தாளில் 120 பாகைக்கு ஒரு கோடு வீதம் மூன்று கோடு வரைந்து (நான்கு பிளேடானால் 90), ஹப்பை நடுவில் ஊசியால் குத்தி நிறுத்தி, பிளேடைக் கம்பியில் சொருகி, எதிர்ச்சாய்வுக்குத் திருப்பவும். புடைத்த பக்கம் முன்னேயே இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். மூன்றிலும் சாய்வு ஒன்றாக இருக்க, தீக்குச்சியை ஆப்பு போல் சீவி ஒவ்வொரு பிளேடுக்கும் கீழே வைத்துப் பார்க்கலாம். பிறகு சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, ஊசி முனையால். நம் ஊர் மூடுபனியில் அது கண் மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும், சுற்றிலும் வெண்படலமும் விடும், எனவே சாய்வைச் சரிபார்த்த பிறகே க்ளூ.

இப்போது விளிம்புகள் இடம் மாறியிருக்கும். பழைய மெல்லிய விளிம்பு முன்விளிம்பாகியிருக்கும். 600, பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் அதை உருட்டி, மற்றதை மெலிக்கவும்.

திருத்த முடியாதது முறுக்கு. அடியிலிருந்து நுனிக்குப் போகும் முறுக்கும் கையோடு பிறந்தது. 1/144ல் கண்ணுக்குத் தெரியாது. 1/72ல் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும்.

குந்தா_பனி
முறுக்கை வெந்நீரில் போட்டு மாற்றலாமே?

கோத்தகிரி_ரெசின்
ரெசின் புரொப் என்றால் சரி, 70 டிகிரி வெந்நீரிலேயே இளகும். கிட் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குப் பக்கத்தில்தான் சரியாக இளகும். ஊட்டி 2240 மீட்டரில் தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊரில் பாலிஸ்டைரீன் எங்கே வேகும்? ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து, இரண்டு இடுக்கியால் பிடித்துச் சிறிது சிறிதாக முறுக்கலாம். நுனி மெல்லியதாக இருப்பதால் அதுதான் முதலில் சுருளும், ஈரத் துணி சுற்றிக்கொள்ளவும்.

இதை விடச் சுலபம் 3டி பிரிண்ட். வலஞ்சுழிப் புரொப்பின் கோப்பை ஸ்லைசர் மென்பொருளில் திறந்து மிரர் ஒரு அச்சில் கொடுத்தால் இடஞ்சுழி, முறுக்கும் விளிம்பும் எல்லாமே சேர்ந்து மாறிவிடும். ஒரே ஒரு அச்சில் மட்டும். எக்ஸில் ஒரு முறை, ஒய்யில் ஒரு முறை என்று இரண்டு மிரர் கொடுத்தால் பழையபடி வலஞ்சுழியே வரும், வெறுமனே சுற்றி வைத்தது போலத்தான். ஹப்பில் எழுத்து செதுக்கியிருந்தால் அது இடவலம் மாறிவிடும், முதலில் அழித்துவிடுங்கள்.

பிளேடு நுனி மேலே, சாய்த்து அடுக்கி, தாங்கிகளைப் பின்பக்கத்தில் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் அறை 10, 12 டிகிரியில் இருக்கும்போது ரெசின் தேன் மாதிரி கெட்டியாகிவிடும், முதல் அடுக்குகள் தட்டில் ஒட்டாது, மெல்லிய நுனி பாதியில் நின்றுவிடும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள்.

கொடைக்கானல்_ஆர்சி
பறக்கும் மாடல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரஷ்லெஸ் மோட்டார் திசை மாற, மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். ஆனால் புரொப்பும் எதிர்க்கையாக இருக்க வேண்டும், அளவுக்குப் பின்னால் P எழுத்துப் போட்டது: 10×6க்கு ஜோடி 10×6P. எழுத்து அச்சிட்ட பக்கம் எப்போதும் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். அது பின்னால் போய்விட்டால் மோட்டார் அலறும், இழுவை குறைந்துவிடும்.

நட் விஷயம் மறக்க வேண்டாம். சாதாரண மரை நட், வலஞ்சுழிப் புரொப்பில் த்ராட்டில் கொடுக்கும்போது தானாக இறுகும். இடஞ்சுழியில் தானாகக் கழலும். அங்கே நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) அல்லது இடக்கை மரை போடுங்கள். அப்புறம், இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் சரியாக இழுத்த புரொப் இங்கே சோம்பும், விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டி, கரண்டை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேத்தி_ரிவெட்
மீண்டும் அலமாரி மாடலுக்கு வருவோம். பெயின்ட்டிலும் கை தெரியும். பிளேடின் கறுப்பு தேய்ந்து அலுமினியம் தெரிவது முன்விளிம்பில், அதுவும் வெளிப்பாதியில். சிலர் இரண்டு விளிம்பிலும் சமமாக வெள்ளியைத் தொட்டுவிடுவார்கள், அல்லது பின்விளிம்பில் மட்டும். புரொப் சரியாக இருந்தும் தவறான கை போல் தெரியும். நுனி மஞ்சள் 4 அங்குலம், 1/72ல் 1.4 மி.மீ., முன்னும் பின்னும்.

நிறுத்திவைத்த விமானத்தில் சாய்வு எவ்வளவு என்பதும் எஞ்சினைப் பொறுத்தது. பிடி6 போன்ற டர்போபுரொப் நின்றால் பிளேடு காற்றோட்டத்துக்கு நேராகத் திரும்பி நிற்கும் (ஃபெதர் நிலை), முன்னாலிருந்து பார்த்தால் கத்தி முனை மாதிரி. நம் டோர்னியர் 228ன் டிபிஈ331 நின்றால் பிளேடு தட்டையாக, முகம் முழுக்கத் தெரியும். டகோட்டாவிலும் குறைந்த சாய்வே. அதை ஃபெதர் நிலையில் ஒட்டினால் தரையில் நிற்கும் விமானம் அவசர இறக்கத்தில் இருப்பதாகத் தோன்றும்.

லவ்டேல்_72
மூன்று பெட்டியையும் பிரித்துச் சோதித்தேன். டகோட்டா இடப்பக்க விளிம்பு முன்னே, சரி. பியூஃபைட்டர் மார்க் X, வலப்பக்க விளிம்பு முன்னே, சரி. பி-38ல் ஒவ்வொன்று. அறுத்த பிறகு கலந்துவிடாமல் இருக்க மாஸ்கிங் டேப்பில் 'இ', 'வ' என்று எழுதித் தண்டில் ஒட்டியிருக்கிறேன்.

வெலிங்டன்_ஸ்ப்ரூ
'இ' என்றால் இடது எஞ்சினா, இடஞ்சுழியா? பி-38ல் இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டதால் தப்பித்தீர்கள். நாளை எஃப்-82 கட்டும்போது அதே 'இ' உங்களை மாட்டிவிடும், அங்கே இடது எஞ்சினில் வருவது வலஞ்சுழி. எஞ்சினுக்கு எண் போடுங்கள், பைலட்டின் இடமிருந்து 1, 2. கைக்குத்தான் எழுத்து. '1இ', '2வ'. தண்டைக் கூட்டில் ஒட்ட வேண்டாம், உராய்வில் நிற்கட்டும். கடைசி வார்னிஷுக்குப் பிறகும் ஒரு முறை மூக்குக்கு எதிரே உட்கார்ந்து 12 மணிப் பிளேடைப் பார்த்துக்கொள்ளலாம்.

லவ்டேல்_72
டேப்பை மாற்றிவிட்டேன். 1இ, 2வ.